தோட்டத்துக் கொட்டகையில் பழைய கார்: சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஏதாவது ஒரு கொட்டகையில், பங்களாவின் பின்கட்டில், பழைய கார் ஒன்று தூசி மூடிக் கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை. எல்லோருக்கும் எஞ்சின் ஓடுமா என்பதுதான் முதல் கவலை. எனக்கு அது மூன்றாவது. காகிதம் இருக்கிறதா, வண்டியைத் தெரிந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

இந்தப் பக்கம் பழைய கார்கள் எங்கே கிடக்கின்றன?

அந்தக் காலத்தில் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் பாதி விடை வந்துவிடும். பெரிய துரை, சின்ன துரை (மேனேஜரும் துணை மேனேஜரும்), கிராணிமார் (ஆபீஸ் எழுத்தர்கள்), ஆஸ்பத்திரி டிரெசர் (மருத்துவ உதவியாளர்), வசதியான ஒன்றிரண்டு கங்காணிமார். டவுனுக்கு வந்தால் கடைக்காரர்கள், டாக்சி ஓட்டியவர்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களிடம் சைக்கிள்தான் இருந்தது, பிறகு மோட்டார் சைக்கிள். ஆகவே லயத்தில் தேடிப் பயனில்லை. துரை பங்களாவின் காராஜ், கிராணி வீட்டுக் கொட்டகை, மூடிக்கிடக்கும் ரப்பர் ஆலையின் ஸ்டோர், பழைய புகைவீடு, டவுனில் கடைவீட்டின் பின்புறம், இவைதான் இடங்கள்.

ஏன் விட்டுப் போனார்கள் என்பதற்கும் தோட்டத்தின் கதைதான் காரணம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின, அவை துண்டு துண்டாகக் கைமாறின. அதில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் அன்றைய அமைச்சரும் நம்ம ஊர்க்காரருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. குடும்பங்கள் டவுன் தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) மாறின. தாமான் வீட்டு முன்வாசலில் ஒரு கார்தான் நிற்கும், அது புதுக்காருக்கு. பழையது தோட்டத்திலேயே நின்றுவிட்டது. "அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்" என்று கிராணியிடம் சாவியைக் கொடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர்.

என்ன மாதிரி வண்டிகள் கிடைக்கும்? ரோல்ஸ் ராய்ஸ் இருக்குமா?

இருக்காது. அந்தக் கனவை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

அதிகம் காணக்கூடியது மோரிஸ் மைனர். 1948-இல் வந்த கார், 1970-களின் தொடக்கம் வரை மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கெல்லாம் கப்பலில் போனது. கிராணிமாரின் கார் என்றே இதைச் சொல்லலாம். பிறகு ஆஸ்டின், ஹில்மன் மிங்க்ஸ், ஃபோர்டு ஆங்லியா. துரைமார் தோட்டத்துக்குள் சுற்றிய லேண்ட் ரோவர். டவுன் வீடுகளில் வோக்ஸ்வாகன் பீட்டல், வோல்வோ. ஊர்விட்டு ஊர் ஓடிய டாக்சி என்றால் டீசல் மெர்சிடிஸ். 1970-களுக்கு வந்தால் டாட்சன் 1200, 120ஒய், டொயோட்டா கொரோல்லா. ஜப்பான் கார்களை ஒரு காலத்தில் யாரும் சீந்தவில்லை. இப்போது இளைஞர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

புரோட்டோன் சாகாவைப் பழைய கார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. முதல் சாகா 1985 ஜூலை 9-இல் வெளியானது. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட கார். நாற்பது வயது தாண்டிவிட்டது. ஆனால் "நம்ம சாகாதானே" என்ற அலட்சியத்தில் நல்ல நிலையில் இருந்தவை எல்லாம் இரும்புக்கடைக்குப் போய்விட்டன. முதல் சில ஆண்டுகளின் சாகா ஒன்று உட்புறத் துணிகூட மாறாமல் கிடைத்தால், கரையான் தின்ற மைனரைவிட அதைத்தான் நான் எடுக்கச் சொல்வேன்.

நம்பர் பிளேட்டைப் பார்த்து வயதைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்குத்தான். முதல் எழுத்து மாநிலம். A என்றால் பேராக், B சிலாங்கூர், K கெடா, P பினாங்கு, J ஜொகூர். கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசமான பிறகுதான் W வந்தது. அதற்கு முன் அங்கே பதிந்த கார்களும் B-தான். ஓர் எழுத்து மட்டும் உள்ள எண்கள் முந்தியவை, இரண்டெழுத்து அடுத்து, மூன்றெழுத்து அதற்கும் பிறகு. ஆனால் எண்ணை மாற்றிப் போட்டிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

உடம்பு பொய் சொல்லாது. மைனரில் முன்கண்ணாடி நடுவில் கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தால் அது 1956-க்கு முந்தியது. ஒரே கண்ணாடியாக வளைந்திருந்தால் மைனர் 1000. கதவுத் தூணிலிருந்து கைபோல் நீளும் சிக்னல் 1961 வரைதான், பிறகு மின்னும் விளக்கு. லேண்ட் ரோவரில் முன்விளக்குகள் நடுவில் கிரில் பக்கம் ஒடுங்கியிருந்தால் பழையது. இரண்டு பக்க மட்கார்டுக்கு அவை நகர்ந்தது 1960-களின் இறுதியில். மீட்டர்கள் டேஷ்போர்டின் நடுவில் இல்லாமல் ஓட்டுநருக்கு நேரே இருந்தால் 1971-க்குப் பின் வந்த மூன்றாம் வரிசை.

இன்னொன்று. சில தரகர்கள் வருவது காருக்காக அல்ல, எண்ணுக்காக. ஓர் எழுத்தோடு இரண்டு மூன்று இலக்கம் உள்ள பழைய எண்ணுக்குக் காரைவிட அதிக விலை கொடுக்க ஆள் உண்டு. "துருப்பிடித்த காரை எடுத்துப் போகிறேன், உங்களுக்குத் தொல்லை விட்டது" என்று ஒருவர் அளவுக்கு மீறி உதவி செய்ய வந்தால், நம்பர் பிளேட்டை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டம் தனியார் நிலம். கேட்டில் காவலரிடம் சொல்லி, ஆபீசில் மேனேஜரையோ கிராணியையோ பார்த்து அனுமதி வாங்குங்கள். ஜன்னல் வழியே படம் எடுத்து இடத்தின் பெயரோடு ஊரெல்லாம் அனுப்பும் பழக்கம் வேண்டாம். அடுத்த வாரமே கார்புரேட்டரும் விளக்கும் காணாமல் போகும்.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

விலையில் தொடங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் வாலிபப் பிள்ளைகள் கேட்பதில்லை. வாசலில் நின்றுகொண்டே "அங்கிள், அந்தக் காடி விக்கிறீங்களா?" என்றால் "விக்கல" என்பதோடு பேச்சு முடிந்தது. அந்தக் கார் பெரும்பாலும் ஒரு அப்பாவுடையது. விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் பணம் அல்ல. அதை விற்பது அப்பாவை விற்பதுபோல் ஒரு சங்கடம்.

"ஐயா, இது யார் ஓட்டின கார்?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்தத் தோட்டத்தில் வேலை, எப்போது வாங்கியது, யாரிடம், எந்தக் கோயில் திருவிழாவுக்கு எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போனது என்று எல்லாம் தானாக வரும். வீட்டுப் பாட்டி இருந்தால் அவரிடமும் கேளுங்கள். ஆண்கள் எஞ்சினைச் சொல்வார்கள், கார் எந்த வருடம் வந்தது என்பதைப் பாட்டிதான் "பெரியவன் பிறந்த வருஷம்" என்று சரியாகச் சொல்வார். அனுமதி கேட்டுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். சாவி எங்கே, கிராண்ட் (வண்டியின் பதிவுப் புத்தகம்) எங்கே என்பதெல்லாம் இந்தப் பேச்சின் நடுவில்தான் வெளிவரும். அன்றைக்கு வாங்கும் பேச்சே எடுக்காமல் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் முறை போகும்போது அவர்களே கேட்பார்கள்.

விலை பேசும்போது பிள்ளைகள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈப்போவில் இருக்கும் அண்ணன் சரி என்றிருப்பார், சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்குத் தெரிந்திருக்காது. வண்டியை லோரியில் ஏற்றும் நாளில் அந்தத் தங்கை போன் செய்வார்.

கார் கைக்கு வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

எதையும் நகர்த்தாமல் நான்கு பக்கமும் உள்ளேயும் படம் எடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவும் ஆசையை அடக்குங்கள். பழைய பெயிண்டின் மேல் இருக்கும் தூசியைவிட உள்ளே புகும் தண்ணீர்தான் கெடுதல்.

கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம், எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். சீட்டுக்கு அடியிலும் எஞ்சின் பக்கமும் சுருண்டிருக்கும். கண்டால் வீரம் காட்டாமல் போம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிடுங்கள். குளவிக்கூடு, தேள் எல்லாம் இதில் சேர்த்தி. வெளியே கிடந்த வண்டி என்றால் டயருக்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு உற்பத்தியானால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் உங்களுக்குத்தான்.

பிறகு காகித வேட்டை. டேஷ்போர்டு அறை, சீட்டுக்கு அடி, கதவுப் பை, பின்பக்கச் சாமான் அறையில் விரித்த கம்பளத்தின் கீழ். பழைய ரோட்டேக்ஸ் வட்டச் சீட்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். வண்டி கடைசியாக எந்த ஆண்டு சாலையில் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி. பெட்ரோல் ரசீதையும் பட்டறைப் பில்லையும் குப்பை என்று எறிய வேண்டாம்.

புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. பல ஆண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் இழுத்தால் வளையம் உடையும், சுவர் கீறும். நல்ல எஞ்சின் அந்த ஒரு நிமிடத்தில் கெட்டுப்போகும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். ஆட்டோ கியர் எண்ணெயை டீசலோடு கலந்து விடுவது பட்டறைகளில் பழக்கம். சில நாள் ஊறட்டும். பிறகு பிளக் இல்லாமலே, கியரை நியூட்ரலில் வைத்து, கையால் திருப்பிப் பாருங்கள். மைனருக்கும் லேண்ட் ரோவருக்கும் முன்னால் ஹாண்டில் போடும் துளை இருக்கும். அசையவில்லை என்றால் இன்னும் ஊறட்டும், நீள பைப்பை மாட்டித் தொங்காதீர்கள். சுலபமாகச் சுற்றினால் பழைய எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

டாங்கியில் இருக்கும் பெட்ரோல் இப்போது பெட்ரோல் அல்ல. மூடியைத் திறந்தால் வார்னிஷ் நாற்றம் அடிக்கும். டாங்கியைக் கழற்றி உள்ளே துருவைச் சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டும் எஞ்சினுக்கு அனுப்பாதீர்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்யத் தனியாக ஒரு சின்ன டின்னில் பெட்ரோல் வைத்துக் குழாய் இழுப்பதுதான் நல்லது. பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் இருக்கட்டும்.

பேட்டரி மாட்டும்போதும் ஒரு பொறி இருக்கிறது. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு சேரும் எர்த் பாசிட்டிவ் முனை, இன்றைய கார்களுக்கு நேர்மாறு. பழைய பீட்டலில் பேட்டரி 12 வோல்ட்டே அல்ல, 6 வோல்ட். பழக்கத்தில் மாட்டினால் புகை வரும். வயர்களை எலி கடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், கடித்திருக்கும்.

துரு எங்கே பார்ப்பது?

மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். நம்ம ஊர் மழைக்கு மண் தரையில் நின்ற கார் அடியிலிருந்துதான் அரிக்கும். பானட் பளபளக்கும், தரைத்தகடு கையோடு வரும். சிமெண்டுத் தரையில், கூரைக்குக் கீழ், செங்கல் முட்டுக் கொடுத்து நிறுத்திய கார் கிடைத்தால் முன்பின் தெரியாத அந்தக் கிராணிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுங்கள்.

மைனருக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே எலும்பு. அதனால் கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் இவை அரித்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடிக்கிறது என்றால் முதுகெலும்பு போயிற்று. முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற மூட்டுக்கு முறையாக கிரீஸ் அடிக்காமல் விட்டிருந்தால் திருகு தேய்ந்து ஓடும்போதே சக்கரம் மடங்கும். மைனர் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், வாங்குபவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

மைனர் டிராவலர் என்ற ஸ்டேஷன் வேகன் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். பின்பாதியில் வெளியே தெரியும் மரச்சட்டம் அழகுக்காக வைத்தது அல்ல, கூரையையும் பின்பகுதியையும் தாங்குவதே அதுதான். இங்கிலாந்தில் அந்த ஆஷ் மரம் மழையில் ஊறி மக்கும். இங்கே கரையான் முந்திக்கொள்ளும். பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். ஸ்குரூடிரைவர் முனையால் மெல்லக் குத்திப் பாருங்கள்.

லேண்ட் ரோவர் வேறு கதை. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு, அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பாடி துருப்பிடிக்காது. அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். உள்ளே சேசிஸ் எஃகு, எஞ்சினுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவரும் எஃகு. சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே ஓட்டை. பீட்டலில் பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி அங்கேதான், அதன் ஆசிட் கீழ்த்தகட்டைத் தின்றிருக்கும்.

எஞ்சின் ஓடுகிறது. மெல்ல வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பல ஆண்டு நின்றால் சக்கரத்துச் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகிவிடும், ரப்பர் குழாய்கள் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். ஒருமுறை மிதித்தால் பிடிக்கும், இரண்டாம் முறை பெடல் தரையைத் தொடும். டயரில் பூ (மேல் வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். ரோட்டேக்ஸும் இன்சூரன்சும் இல்லாமல் சாலையில் இறக்குவது குற்றம் என்பது வேறு. லோரிக்குக் கொடுங்கள்.

கிராண்ட் இல்லை. அல்லது இறந்துபோனவர் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

இதுதான் உண்மையான வேலை. எஞ்சினைச் சரி செய்ய ஆள் கிடைப்பார், இதற்குப் பொறுமைதான் வேண்டும்.

கிராண்ட் தொலைந்திருந்தால் நம்பரையும், வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண், எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொண்டு, பதிவு உரிமையாளரோடு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்துக்குப் போங்கள். பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பது அங்கேதான் தெரியும். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். வண்டியில் உள்ள எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் விலகிக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் இறந்திருந்தால் பிள்ளைகள் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது. சொத்தைப் பிரிக்கும் அதிகாரக் கடிதம் வேண்டும். நிலமும் வீடும் சேர்ந்த சிறிய சொத்து என்றால் நில அலுவலகம், அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனம், பெரிய சொத்து என்றால் உயர்நீதிமன்றம். அப்பா இறந்தபோது வீட்டுக்காகக் குடும்பம் ஏற்கனவே இதை முடித்திருக்கலாம், அதில் காரைச் சேர்க்க மறந்திருப்பார்கள். அதையும் கேளுங்கள். பெயர் மாறும் முன் வாகனச் சோதனை நிலையத்தில் சோதனையும் வரும்.

மூன்று கை மாறியும் பெயர் மாறாத கார் ஒன்று எப்போதும் மலிவாகக் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் அதுதான்.

எஞ்சினை மாற்றிவிட்டால் சுலபமல்லவா?

மைனரில் டாட்சன் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றுவது பழைய வழக்கம், நன்றாகவும் ஓடும். தப்பில்லை. ஆனால் ஜே.பி.ஜே. அனுமதி வாங்கி கிராண்டில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். கழற்றிய எஞ்சினை விற்றுவிடாதீர்கள், வண்டியோடு வையுங்கள். மைனர், லேண்ட் ரோவர் இரண்டுக்கும் உதிரி பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். தபால் செலவுதான் கடிக்கும். டொயோட்டா, டாட்சனுக்கு ஈப்போவில் ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகம் விற்கும்) கடைகளில் ஏறி இறங்க வேண்டும்.

விலை எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு தொகை சொல்ல மாட்டேன். தகட்டு வேலை, பெயிண்ட், உட்புறத் துணி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் முடித்த காரின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள். இரண்டு கார் இருந்தால் பெயர்போனதை விட்டுவிட்டு, முழுதாக இருப்பதை எடுங்கள். காணாமல் போன ஒரு விளக்கு வளையத்தைத் தேடுவதற்குள் வெறுத்துப்போகும். ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க முடியாத நிலை என்றால் கூரைக்குக் கீழ் தள்ளி, முட்டுக் கொடுத்து, காற்றுப் போகும்படி விட்டு வையுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

"எமர்ஜென்சியில் துரையைச் சுட்ட கார் இது, குண்டு ஓட்டை பார்" என்கிறார்கள். நம்பலாமா?

இந்த ஊரில் இந்தக் கதை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் துரைமார் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு தோட்டத்தில் சுற்றியது உண்மை. அப்படி ஒரு வண்டி எங்காவது மிஞ்சியிருந்தால் அது அருங்காட்சியகத்துக்குரியது.

ஆனால் என்னிடம் காட்டப்படும் குண்டு ஓட்டைகள் துரு ஓட்டைகள்தான், அல்லது யாரோ ஏரியல் மாட்டிக் கழற்றிய இடம். தோட்டா துளைத்த தகடு ஒரு பக்கம் உள்ளே மடிந்திருக்கும், துரு ஓட்டையின் ஓரம் தேய்ந்து மெலிந்திருக்கும். முன்கண்ணாடியையும் பாருங்கள். 1948 சம்பவத்தில் இருந்த கார் என்று சொல்லி ஒரே கண்ணாடி வைத்த மைனரைக் காட்டினால், அந்தக் கார் பிறக்க இன்னும் எட்டு ஆண்டு இருந்தது என்று அர்த்தம். சொல்பவரிடம் அதை முகத்துக்கு நேரே சொல்லத் தேவையில்லை.

கதையை உறுதி செய்யப் பழைய கிராண்ட் முதல் வழி. உரிமையாளர் பெயர்கள் வரிசையாக அதில் இருக்கலாம். இரண்டாவது, கல்யாண ஆல்பம். தோட்டத்தில் கார் இருந்தவர் வீட்டுக் காரில்தான் மாப்பிள்ளை ஊர்வலம் போகும். மாலை போட்ட பானட்டுக்குக் கீழே நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும்.

கார் இல்லை, பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) தான் கிடைத்தது. அதற்கும் இதே முறையா?

அதேதான், செலவு மட்டும் குறைவு. ஹோண்டா சூப்பர் கப் 1958-இல் வந்தது, உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. பாகத்துக்குப் பஞ்சமில்லை. முதல் வண்டியாக எடுத்துக் கைபழக இதைவிட நல்லது கிடையாது. கிராண்ட் மட்டும் கேட்டு வாங்குங்கள். மோட்டாருக்கு யார் கிராண்ட் வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள், பாட்டியின் சேலைப் பெட்டிக்குள் இருக்கும்.